எதிர்ப்பு ரகம் என்றால் எந்த நோய்க்கு எதிர்ப்பு? பயிரின் எதிர்ப்பு மரபணுக்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விதை வாங்கப் போனால் "இது எதிர்ப்பு ரகம்ங்க, ஒண்ணும் வராது" என்று சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். அப்புறம் பயிர் தூர் கட்டும் நேரத்தில் ஏதோ ஒரு நோய் வந்து நிற்கும், கோபமெல்லாம் ரகத்தின் மேல் போகும். பல நேரம் ரகத்தின் மேல் தப்பில்லை. அதற்குள் இருக்கும் எதிர்ப்பு வேறொரு நோய்க்கானது, அவ்வளவுதான். இந்தக் குழப்பம் தீர வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். பெரும்பாலும் நெல்லை வைத்தே பேசுகிறேன், தேவைப்படும் இடத்தில் தக்காளியும் கோதுமையும் வரும்.

எதிர்ப்பு மரபணு இருந்தால் எல்லா நோயும் நின்றுவிடுமா?

நிற்காது. ஒரு எதிர்ப்பு மரபணு பொதுவாக ஒரே ஒரு நோய்க்கிருமியைத்தான் கண்டுகொள்ளும், அந்தக் கிருமியிலும் சில பிரிவுகளை மட்டும். குலைநோய்க்கு அசையாத ரகம் இலையுறை கருகலில் படுத்துவிடலாம், அதில் எந்த முரணும் இல்லை.

இதை முதலில் தெளிவாகக் காட்டியவர் அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் வேலை செய்த ஹரால்ட் ஃபிளார். 1940களில் ஆளி விதைச் செடியையும் அதைத் தாக்கும் துரு நோய்ப் பூஞ்சாணத்தையும் சேர்த்தே ஆராய்ந்தார், அதாவது செடியை மட்டும் கலப்பு செய்யாமல் பூஞ்சாணத்தையும் கலப்பு செய்து பார்த்தார். செடியில் உள்ள ஒவ்வொரு எதிர்ப்பு மரபணுவுக்கும் ஈடாகப் பூஞ்சாணத்தில் ஒரு மரபணு இருக்கிறது, இரண்டும் சந்தித்தால்தான் செடி தப்பிக்கிறது என்று கண்டார். பூஞ்சாணம் தன் பக்கத்து மரபணுவைத் தொலைத்துவிட்டால் செடியின் மரபணு சும்மா இருக்கும். மற்ற எல்லாம் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

அந்த மரபணு செடிக்குள் அப்படி என்னதான் செய்கிறது?

செடிக்கு நம்மைப் போல ரத்தத்தில் ஓடும் வெள்ளை அணுக்கள் கிடையாது. ஒவ்வொரு செல்லும் தன்னைத்தானே பார்த்துக்கொள்ள வேண்டும். செல்லின் வெளிச்சவ்வில் சில ஏற்பிகள் இருக்கின்றன. பூஞ்சாணத்தின் சுவரில் இருக்கும் கைட்டின், பாக்டீரியாவின் வாலில் இருக்கும் புரதம் மாதிரிப் பொதுவான அடையாளங்களை அவை உணர்ந்து முதல்கட்டப் பாதுகாப்பைத் தொடங்கும். கெட்டிக்காரக் கிருமி இதை அடக்குவதற்காக எஃபெக்டர் என்ற புரதங்களைச் செல்லுக்குள் அனுப்புகிறது.

பெரும்பாலான எதிர்ப்பு மரபணுக்கள் உருவாக்குவது, செல்லுக்குள் இருந்துகொண்டு இந்த எஃபெக்டரைப் பிடிக்கும் இன்னொரு வகை ஏற்பியை. சில ஏற்பிகள் எஃபெக்டரையே தொட்டு உணரும். சில, எஃபெக்டர் கைவைக்கும் வேறொரு புரதத்தைக் காவல் காக்கும். இன்னும் சில, கிருமி தேடி வரும் புரதத்தின் ஒரு துண்டைத் தன் உடம்பிலேயே ஒட்டி வைத்திருக்கும், எலிப்பொறியில் வைத்த மசால்வடை போல. எஃபெக்டர் அதில் வந்து ஒட்டியதும் மாட்டிக்கொள்ளும்.

மாட்டியதும் நடப்பதை 2019இல் சீன விஞ்ஞானிகள் கண்ணுக்குத் தெரிகிற அளவில் காட்டினார்கள். அராபிடாப்சிஸ் என்ற ஆராய்ச்சிச் செடியில் இசட்ஏஆர்1 என்ற ஏற்பி, கிருமியின் வேலையை உணர்ந்ததும் ஐந்து ஐந்தாகக் கூடிச் சக்கர வடிவம் எடுக்கிறது. அது செல்சவ்வில் போய் உட்கார்ந்து கால்சியம் உள்ளே பாயும் ஓட்டையாகிறது என்பது அடுத்த இரண்டு ஆண்டில் உறுதியானது. கால்சியம் பாய்ந்ததும் அபாய அறிவிப்பு பரவுகிறது, பல நேரங்களில் அந்தச் செல் செத்தே போகிறது. கிருமி புகுந்த ஒரு செல்லைப் பலி கொடுத்து மற்றதைக் காப்பாற்றுவதுதான் உத்தி.

இந்த "செல் சாகிறது" என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கிருமிக்கு எதிர்ப்பு வேலை செய்யும், எதற்குச் செய்யாது என்பதில் பாதி இதில்தான் இருக்கிறது.

கிருமி எதுவானால் என்ன, எதிர்ப்பு எதிர்ப்புதானே?

இல்லை. கிருமி எப்படிச் சாப்பிடுகிறது என்பதுதான் முடிவு செய்கிறது.

துரு, சாம்பல் நோய், அடிச்சாம்பல் நோய்க் கிருமிகளுக்கும் வைரஸ்களுக்கும் உயிருள்ள செல்தான் வேண்டும். செல் செத்தால் அவற்றுக்கும் சாப்பாடு போச்சு. இவற்றுக்கு எதிராகச் செல்லைச் சாகவிடுவது மிகச் சரியான பதில். எதிர் முனையில் இருப்பவை கொன்று தின்பவை: இலையுறை கருகலைத் தரும் ரைசோக்டோனியா, தக்காளியில் இலைக்கருகல் தரும் ஆல்டர்னேரியா, பழங்களில் சாம்பல் நிறமாகப் படரும் பாட்ரைட்டிஸ். நச்சையும் நொதிகளையும் விட்டுச் செல்லைக் கொன்று அந்தச் சாற்றில் வளர்பவை இவை. இங்கே போய்ச் செடி தன் செல்லைத் தானே சாகவிட்டால் கிருமிக்கு இலை போட்டுப் பரிமாறின கதைதான். நடுவில் ஒரு கூட்டம் உண்டு, குலைநோய்ப் பூஞ்சாணமும் உருளைக்கிழங்கின் பின்பருவக் கருகல் நோய்க்கிருமியும் அதில் சேரும். முதல் சில நாள் செல்லை உயிரோடு வைத்துச் சாப்பிட்டு, அப்புறம் கொல்லும்.

செடிக்குள் ஹார்மோன்களும் இதற்கேற்பத்தான் பிரிகின்றன. உயிரோடு தின்பவற்றுக்கு எதிராகச் சாலிசிலிக் அமிலம் முன்னால் நிற்கிறது, கொன்று தின்பவற்றுக்கும் இலையைக் கடிக்கும் பூச்சிகளுக்கும் எதிராக ஜாஸ்மோனிக் அமிலமும் எத்திலீனும். ஒன்று ஏறும்போது மற்றது இறங்குவது வழக்கம். அராபிடாப்சிஸில் இது ஓரளவு சுத்தமாகத் தெரியும். நெல்லில் இவ்வளவு சுத்தமாகப் பிரிவதில்லை, நெல் இலையில் சாலிசிலிக் அமிலம் எப்போதுமே அதிகம். ஆகவே பாடப்புத்தகப் படத்தை அப்படியே வயலில் பொருத்தக் கூடாது.

குலைநோய்க்கு எதிர்ப்புள்ள ரகத்தில் ஏன் பழுப்புப் புள்ளிகள் தெரிகின்றன?

இது அடிக்கடி வரும் கேள்வி. தேவையில்லாத தெளிப்பும் இதனால்தான் நடக்கிறது.

பனி ஈரம் நிற்கும் இலையில் குலைநோய்ப் பூஞ்சாணத்தின் வித்து, அதாவது விதை போலப் பரவும் அதன் நுண்துகள், ஒட்டி முளைக்கிறது. முளைக்குழலின் நுனி உப்பி, கறுப்பு மெலனின் பூசிய சின்னக் குமிழாகிறது. அதற்குள் அழுத்தம் ஏறிக்கொண்டே போய், ஏறக்குறைய 80 வளிமண்டல அழுத்தத்தைத் தொடுகிறது. அந்த வேகத்தில் ஒரு மெல்லிய முனை இலையின் தோலைத் துளைத்து உள்ளே இறங்குகிறது. கடையில் வாங்கும் டிரைசைக்ளசோல் இந்த மெலனினை உருவாகவிடாமல் தடுக்கிறது, மெலனின் இல்லாவிட்டால் அழுத்தம் நிற்காது, துளைக்க முடியாது. அதனால்தான் அந்த மருந்தை முன்கூட்டியே அடித்தால் கேட்கிறது, நோய் முற்றிய பிறகு பெரிதாகக் கேட்பதில்லை.

உள்ளே இறங்கிய பூஞ்சாணத்தைக் கண்டுகொள்ளும் மரபணு ரகத்தில் இருந்தால் அந்த இடத்துச் செல்கள் உடனே சாகும். வெளியே தெரிவது ஊசி குத்தினாற்போல் ஒரு பழுப்புப் புள்ளி, அவ்வளவே, அது வளராது, அதில் வித்து உண்டாகாது. மரபணு இல்லாத ரகத்தில் அதே இடம் சில நாளில் இரு முனையும் கூர்மையான கண் வடிவப் புண்ணாக விரிந்து, நடுவில் சாம்பல் நிறமும் ஓரத்தில் பழுப்பும் காட்டும். அந்தச் சாம்பல் நிற நடுப்பகுதியில்தான் ஆயிரக்கணக்கில் வித்துகள் உண்டாகின்றன. ஊசிமுனைப் புள்ளி மட்டும் இருந்தால் செடி தன் வேலையைச் செய்திருக்கிறது என்று அர்த்தம். நான்கைந்து நாள் விட்டுத் திரும்பப் பாருங்கள், கண் வடிவம் வருகிறதா என்று. செம்புள்ளி நோயின் புள்ளியும் ஆரம்பத்தில் சின்னதுதான், ஆனால் அது முட்டை வடிவில் எள் அளவுக்கு வளரும், மண்ணில் சத்துக் குறைவான இடத்தில் கூடுதலாக வரும்.

குலைநோய் எளிதில் தாக்கும் ரகத்தில் எதிர்ப்பு மரபணுவே இல்லையா?

இருக்கும். இதற்கு நம் கோயம்புத்தூர் ரகம் ஒன்றே சாட்சி. கோ 39 என்ற நெல் குலைநோயில் எளிதாக விழும், அதனாலேயே உலகம் முழுவதும் ஆராய்ச்சி நிலையங்களில் "நோய் கண்டிப்பாக வரும்" என்று ஒப்பிட்டுப் பார்க்க அதைத்தான் நட்டார்கள். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஒவ்வொரு குலைநோய் எதிர்ப்பு மரபணுவையும் தனித்தனியாகச் சோதிக்க, கோ 39க்குள்தான் ஒவ்வொன்றாகச் சேர்த்து வரிசைகளை உருவாக்கியது.

அப்படிப்பட்ட கோ 39க்குள் ஒரு நல்ல எதிர்ப்பு மரபணு இருந்தது தெரிய வந்தது. குலைநோய்ப் பூஞ்சாணத்தின் ஒரு குறிப்பிட்ட எஃபெக்டரை அது அழகாகப் பிடிக்கிறது, மேலே சொன்ன மசால்வடை வகைதான். சிக்கல் என்னவென்றால், நெல்லைத் தாக்கும் குலைநோய்ப் பிரிவுகளில் பெரும்பாலானவற்றில் அந்த எஃபெக்டர் இல்லை. வேறு புல்வகைகளைத் தாக்கும் பிரிவுகளில் இருக்கிறது. ஆக அந்தப் பிரிவுகள் வந்தால் கோ 39 தடுக்கும், நம் வயலுக்கு வருவது அவை அல்ல. "எதிர்ப்பு உள்ள ரகம்", "இல்லாத ரகம்" என்று மொட்டையாகப் பிரிப்பது ஏன் தப்பு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

இலையுறை கருகலுக்கு முழு எதிர்ப்பு ரகம் ஏன் வரவே மாட்டேன் என்கிறது?

தேடாமல் இல்லை. பல நாடுகளில் ஆயிரக்கணக்கான ரகங்களையும் காட்டு நெல்லையும் சலித்துப் பார்த்தாகிவிட்டது, குலைநோய்க்குக் கிடைத்ததைப் போல ஒற்றையாக நின்று தடுக்கும் மரபணு கிடைக்கவில்லை. ரைசோக்டோனியா கொன்று தின்பது, நெல்லை மட்டும் நம்பி வாழ்வதும் அல்ல. பயறு, மக்காச்சோளம், வரப்புப் புல் என்று கிடைத்ததையெல்லாம் தாக்கும். "கிருமியைக் கண்டுபிடித்துச் செல்லைக் கொல்" என்ற உத்தி இதனிடம் எடுபடாது. கிடைப்பதெல்லாம் சிறிது சிறிதாக எதிர்ப்பைக் கூட்டும் பல மரபணுக்கள், அதிலும் சில உயரமான, தாமதமாகப் பூக்கும் செடியில் நோய் குறைவாகத் தெரிவதால் வந்த கணக்கு.

ஆகவே இந்த நோய்க்கு ரகத்தை நம்பி உட்காராதீர்கள். இடைவெளி விட்டு நடுவது, தழைச்சத்தைப் பிரித்துப் போடுவது, வரப்பைச் சுத்தமாக வைப்பது என இவைதான் வேலை செய்யும். "மிதமான எதிர்ப்பு" என்று எழுதியிருந்தால் அதை மிதமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

எதிர்ப்பு மரபணுவே ஒரு நோயை வரவழைக்குமா?

வரவழைத்திருக்கிறது, அதுவும் பெரிய அளவில். உருகுவேயிலிருந்து வந்த விக்டோரியா என்ற ஓட்ஸ் வகையில் துரு நோய்க்கு நல்ல எதிர்ப்பு இருந்தது. அமெரிக்காவில் அதைப் பல ரகங்களில் சேர்த்துப் பரப்பினார்கள். 1940களின் நடுவில் அந்த ரகங்கள் மட்டும் புதிதாக ஒரு கருகல் நோயில் கும்பல் கும்பலாகச் செத்தன. விக்டோரின் என்ற நச்சை விடும் ஒரு பூஞ்சாணம்தான் காரணம். துருவைத் தடுக்கும் தன்மையையும் இந்த நச்சுக்கு விழும் தன்மையையும் பிரிக்க எவ்வளவோ முயன்றும் முடியவில்லை.

பல பத்தாண்டுகள் கழித்து, 2007இல், அராபிடாப்சிஸில் விக்டோரினுக்கு விழவைக்கும் மரபணுவைப் பிரித்தெடுத்தபோது அது எதிர்ப்பு மரபணுக்களின் அதே குடும்பத்தைச் சேர்ந்த ஏற்பியாக இருந்தது. அதாவது பூஞ்சாணம் வேண்டுமென்றே செடியின் அபாய மணியை அடிக்கிறது, செடி தன் செல்லைக் கொல்கிறது, பூஞ்சாணம் சாப்பிடுகிறது. கோதுமையிலும் இதே கதை: பூஞ்சாணம் விடும் டாக்ஸ்ஏ என்ற நச்சுப் புரதத்துக்குக் கோதுமையை விழவைக்கும் டிஎஸ்என்1 மரபணு, 2010இல் பிரித்தெடுக்கப்பட்டது, பார்த்தால் அச்சு அசல் எதிர்ப்பு மரபணு. இங்கே எதிர்ப்பைக் கூட்ட வேண்டுமென்றால் மரபணுவைச் சேர்க்கக் கூடாது, நீக்க வேண்டும். நச்சை மட்டும் இலையில் செலுத்திப் பார்த்து, கருகும் வரிசைகளைக் கழித்துவிடும் முறையை ஆஸ்திரேலியாவில் கோதுமை இனப்பெருக்கத்தில் பயன்படுத்துகிறார்கள்.

பாக்டீரியா இலைக்கருகலுக்கு எக்ஸ்ஏ21 என்கிறார்களே, அது என்ன?

மேற்கு ஆப்பிரிக்க நாடான மாலியிலிருந்து வந்த ஒரு காட்டு நெல்லில் இருந்த மரபணு. அந்தக் காட்டு நெல்லின் எதிர்ப்பை 1970களில் கண்டறிந்தது ஒடிசாவின் கட்டாக்கில். அதைப் பயிர்நெல்லுக்குக் கொண்டுவந்தது பிலிப்பைன்ஸ் நெல் ஆராய்ச்சி நிலையம், அங்கே பயிர்ப்பெருக்கத்தை நடத்தியவர் பஞ்சாபில் பிறந்த குர்தேவ் குஷ். 1995இல் பமீலா ரொனால்டின் குழு கலிபோர்னியாவில் அதைப் பிரித்தெடுத்தது. இது செல்லுக்குள் இருக்கும் வகை அல்ல, செல்சவ்வில் நின்று பாக்டீரியா வெளிவிடும் ஒரு சின்னப் புரதத்தை உணரும் வகை. அந்தப் புரதம் எதுவென்று உறுதியானது 2015இல்தான். நாற்றில் இதன் பலம் குறைவு, பயிர் வளர வளரக் கூடும்.

ஆனால் பாக்டீரியா நோயில் எனக்கு மிகவும் பிடித்தது எக்ஸ்ஏ13 என்ற ஒடுங்கு மரபணுவின் கதை (ஒடுங்கு மரபணு என்றால் தாய், தந்தை இரு பக்கமிருந்தும் வந்தால்தான் குணம் வெளிப்படும்). இலைக்கருகல் பாக்டீரியா நெல்லின் செல்லுக்குள் ஒரு புரதத்தை அனுப்புகிறது, அது நேராக உட்கருவுக்குப் போய், சர்க்கரையை வெளியே தள்ளும் ஒரு நெல் மரபணுவின் முன்பகுதியில் உட்கார்ந்து அதை முடுக்கிவிடுகிறது. சர்க்கரை வெளியே வழிகிறது, பாக்டீரியா குடிக்கிறது. எக்ஸ்ஏ13 உள்ள நெல்லில் அந்த முன்பகுதி மட்டும் மாறியிருக்கிறது, பாக்டீரியாவின் புரதம் உட்கார இடமில்லை. அலறல், செல் சாவு எதுவும் இல்லாமல் கிருமிக்குச் சாப்பாடு மட்டும் நிற்கிறது. அதே சர்க்கரை மரபணு மகரந்தம் முதிரவும் வேண்டும், அதனால் மொத்தமாக எடுத்துவிட்டால் நெல் பதராகிவிடும். முன்பகுதியை மட்டும் தொட்ட இயற்கையின் நுணுக்கத்தை இப்போது ஆராய்ச்சியாளர்கள் மரபணுத் திருத்தத்தில் பின்பற்றுகிறார்கள்.

ஹைதராபாத்தில் உள்ள செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் நெல் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து சம்பா மசூரியில், அதாவது நாம் பிபிடி என்று சொல்லும் 5204இல், எக்ஸ்ஏ21, எக்ஸ்ஏ13, எக்ஸ்ஏ5 மூன்றையும் சேர்த்து 2008இல் மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரியை வெளியிட்டன. மூன்றும் மூன்று வழியில் வேலை செய்பவை, ஒரே நேரத்தில் மூன்றையும் தாண்டுவது பாக்டீரியாவுக்குக் கஷ்டம். ஆனால் இந்த மூன்றும் குலைநோயை ஒன்றும் செய்யாது.

வந்திருப்பது பாக்டீரியாதானா என்று வீட்டிலேயே தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும். கருகல் தொடங்கும் எல்லையில் இலையைக் குறுக்கே வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீரில் வெட்டுமுனை தொடும்படி நிறுத்துங்கள். சில நிமிடத்தில் வெட்டு வாயிலிருந்து பால்போல ஒரு கலங்கல் இழை இறங்கினால் பாக்டீரியா. பூஞ்சாண மருந்துக்குச் செலவழிக்கும் முன் இதைச் செய்துவிடுங்கள்.

வைரஸுக்கு எதிர்ப்பு மரபணு எப்படி வேலை செய்கிறது?

பல வழி இருக்கிறது. புகையிலையின் தேமல் வைரஸைக் கண்டதும் செல்லைச் சாகவிடும், 'என்' (N) என்று பெயரிட்ட மரபணு ஒரு வகை. சின்னச் சின்னக் காய்ந்த புள்ளிகளோடு நோய் நிற்கும். வெப்பம் 28 டிகிரியைத் தாண்டினால் இது கைவிட்டுவிடும் என்பது பழைய பாடம்.

தக்காளி இலைச்சுருள் வைரஸுக்கு எதிரான டிஒய்1, தென் அமெரிக்கக் காட்டுத் தக்காளியிலிருந்து வந்தது. இது ஏற்பியே அல்ல, வைரஸின் மரபணுவை அமுக்கிவைக்கும் வேலையைக் கூட்டுகிறது. வைரஸ் செடிக்குள் இருக்கும், ஆனால் குறைவாக இருக்கும். அதனால் இந்த ரகத்திலும் வெள்ளை ஈயைக் கட்டுப்படுத்தத்தான் வேண்டும்.

மூன்றாவது வகை ஒடுங்கு மரபணுக்கள். வைரஸ் தன் புரதத்தைச் செய்யச் செடியின் இயந்திரத்தைத்தான் கடன் வாங்குகிறது. அந்த இயந்திரத்தில் ஒரு பாகம் சற்று மாறியிருந்தால் செடிக்குப் பாதிப்பில்லை, வைரஸுக்குப் பொருந்தாது. நெல்லின் துங்ரோவில் நடப்பது இதுதான். துங்ரோ என்பது இரண்டு வைரஸ்கள் சேர்ந்து தரும் நோய். மஞ்சள் நிறத்துக்கும் குட்டையாவதற்கும் முக்கியக் காரணம் ஒன்று, ஆனால் பச்சைத் தத்துப்பூச்சியில் ஏறிப் பயணம் செய்ய அதற்கு மற்றதன் துணை வேண்டும். இந்தோனேசியாவின் உத்ரி மேரா என்ற நெல்லில், புரத உற்பத்தியைத் தொடங்கிவைக்கும் ஒரு பாகம் மாறியிருப்பதால் அந்தத் துணை வைரஸ் பெருகுவதில்லை. துணை இல்லையென்றால் பரவல் குறைகிறது. அறிகுறி தரும் வைரஸைத் தொடாமலே நோயின் பரவலைச் சுருக்கலாம் என்பது எவ்வளவு அழகான விஷயம்!

நூற்புழுவுக்கும் பூச்சிக்கும் இதே மரபணுக்களா?

குடும்பம் ஒன்றுதான். தக்காளியின் மி-1 மரபணு வேர்முடிச்சு நூற்புழுவைத் தடுக்கும், அதே மரபணு ஒரு வகை அசுவினியையும் வெள்ளை ஈயையும் ஓரளவு தடுக்கும். மூன்றும் செல் சாற்றை உறிஞ்சி வாழ்பவை என்பதைக் கவனியுங்கள். ஆனால் மண் 28 டிகிரிக்கு மேல் சூடானால் நூற்புழு எதிர்ப்பு தளர்ந்துவிடும். நம் ஊர்க் கோடையில் மூடாக்கு போடாத மண் அந்த அளவைச் சாதாரணமாகத் தாண்டும். தவிர, கொய்யாத் தோட்டங்களைப் பாழாக்கிவரும் வேர்முடிச்சு நூற்புழு இனம் மி-1ஐ மதிப்பதே இல்லை. நர்சரியில் "நூற்புழு எதிர்ப்பு" என்று சொன்னால் எந்த இனம் என்று கேட்கலாம்.

நெல்லில் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சிக்கு எதிரான பிபிஎச் மரபணுக்கள் உண்டு. அவற்றில் முதல் மரபணுவோடு 1973இல் வந்த ஐஆர்26 ரகம், சில ஆண்டுகளிலேயே புதிய வகைப் புகையானிடம் தோற்றது.

நல்ல எதிர்ப்பு ரகம் சில வருடத்தில் ஏன் விழுந்துவிடுகிறது?

ஒரே மரபணுவை நம்பிப் பரந்த நிலப்பரப்பில் ஒரே ரகத்தை நட்டால், அந்த மரபணு கண்டுகொள்ளும் எஃபெக்டரைத் தொலைத்த கிருமி ஒன்று போதும். குலைநோய்ப் பூஞ்சாணத்தில், நெல்லின் பை-டா மரபணு பிடிக்கும் எஃபெக்டர் குரோமோசோமின் நுனியை ஒட்டி இருக்கிறது, எளிதில் கழன்றுவிடும் இடம் அது. கோதுமையில் எஸ்ஆர்31 பல நாடுகளைத் தண்டுத் துருவிலிருந்து காத்துவந்தது, 1998இல் உகாண்டாவில் தென்பட்ட யுஜி99 என்ற துருப் பிரிவு அதைத் தாண்டியது. தக்காளியில் தேமல் வைரஸைத் தடுக்கும் டிஎம்-2 ஸ்கொயர் என்ற மரபணு பல பத்தாண்டுகள் நின்றது, 2014-15 வாக்கில் இஸ்ரேலிலும் ஜோர்டானிலும் தோன்றிய பழுப்புச் சுருக்கப்பழ வைரஸ் அதை மதிக்கவில்லை.

நீண்ட நாள் நிற்பவை வேறு மாதிரி. கோதுமையின் எல்ஆர்34 எந்தக் கிருமியையும் குறிப்பாக அடையாளம் காண்பதில்லை. பொருள்களைச் சவ்வைத் தாண்டிக் கடத்தும் ஒரு புரதம் அது. இலைத்துரு, மஞ்சள் துரு, சாம்பல் நோய் எல்லாவற்றையும் மெதுவாக்குகிறது, முழுசாக நிறுத்துவதில்லை. ஆனால் நூறாண்டை ஒட்டிய பயன்பாட்டுக்குப் பிறகும் விழவில்லை. ஜப்பானிய மானாவாரி நெல்லின் பை21 இதே குணம். அதைச் சேர்த்தால் சோற்றின் ருசி கெட்டுப்போகிறது என்று பயிர்ப்பெருக்குநர்கள் வெகுகாலம் தவித்தார்கள். ருசியைக் கெடுப்பது பக்கத்திலேயே ஒட்டியிருந்த வேறு மரபணு என்று 2009இல் பிரித்துக் காட்டிய பிறகுதான் வழி பிறந்தது.

ஒரே மரபணு பல நோயைத் தடுத்தால் அதை மட்டும் வைத்துக்கொள்ளலாமே?

எல்ஆர்34 மாதிரி கிடைத்தால் நல்லது. ஆனால் பார்லியின் எம்எல்ஓ கதையையும் பாருங்கள். அந்த மரபணு கெட்டுப்போன பார்லியில் சாம்பல் நோய் நுழையவே முடிவதில்லை, ஐரோப்பாவில் 40 ஆண்டுக்கு மேல் இந்த எதிர்ப்பு நிற்கிறது. அதே பார்லியில் குலைநோய்ப் பூஞ்சாணமும் ராமுலேரியா இலைப்புள்ளியும் கூடுதலாக வருகின்றன. சாம்பல் நோய் உயிரோடு தின்பது, மற்ற இரண்டும் கடைசியில் கொல்பவை. கணக்கு திரும்பவும் அங்கேயே வருகிறது.

எல்லா எதிர்ப்பு மரபணுவையும் ஒரே ரகத்தில் போட்டுவிட முடியாதா?

ஓரளவுக்கு முடியும், அதற்கு மேல் செடி விலை கொடுக்கும். அராபிடாப்சிஸில் ஆர்பிஎம்1 என்ற ஒற்றை எதிர்ப்பு மரபணு, நோயே இல்லாத வயலில், விதை எண்ணிக்கையை 9 சதவீதம் குறைத்ததை 2003இல் அளந்து காட்டினார்கள். எல்லா மரபணுவும் இப்படி இல்லை, பெரும்பாலானவற்றின் செலவு தெரியவே தெரியாது. ஆனால் பொருந்தாத இரண்டு ஏற்பிகள் ஒரே செடியில் சேர்ந்தால் கிருமி இல்லாமலே அபாய மணி அடித்து, செடி குட்டையாகி இலை காய்ந்துவிடும். சில கலப்புகளில் முதல் தலைமுறையே தேறாமல் போவதற்கு இது ஒரு காரணம்.

இதெல்லாம் மரபணு மாற்றுப் பயிரா?

மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி அப்படியல்ல. சாதாரணக் கலப்பு, அதில் எந்த நாற்றுக்கு மரபணு வந்திருக்கிறது என்பதை மட்டும் டிஎன்ஏ அடையாளத்தால் பார்த்துப் பொறுக்கினார்கள்.

எதிர்ப்பு ரகத்திலேயே அந்த நோய் வந்துவிட்டால் என்ன செய்வது?

முதலில் அதே நோய்தானா என்று உறுதி செய்யுங்கள், பாதிப் புகார் அங்கேயே தீரும். அப்புறம் யூரியா எவ்வளவு போட்டீர்கள் என்று பாருங்கள், குலைநோயும் பாக்டீரியா கருகலும் தழைச்சத்து மிஞ்சினால் எதிர்ப்பை மீறிக்கூடத் தலைகாட்டும். விதை கலப்பா என்பதையும் பாருங்கள்: வயலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில தூர்கள் மட்டும் மோசமாகவும் பக்கத்துத் தூர்கள் சுத்தமாகவும் இருந்தால் கலப்பாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இவை எதுவும் இல்லாமல் நல்ல விதையில், அளவான உரத்தில், வயல் முழுக்க ஒரே சீராகக் கண் வடிவப் புண்கள் விரிந்தால், உங்கள் வயலுக்குப் புதிய பிரிவு வந்திருக்கலாம். தெளிப்பதற்கு முன் பத்துப் பதினைந்து இலைகளைப் பறித்து, பிளாஸ்டிக் பையில் போடாமல் செய்தித்தாளில் மடித்து, ரகத்தின் பெயர், நட்ட தேதி, ஊர் எழுதி அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் கொடுங்கள். எந்த மரபணு எந்த வட்டாரத்தில் விழுந்தது என்று அவர்களுக்குத் தெரிய வேறு வழி அதிகம் இல்லை. அந்த வயலின் நெல்லை விதைக்கு எடுக்காதீர்கள், வைக்கோலை நாற்றங்கால் பக்கம் போடாதீர்கள், அடுத்த பட்டத்தில் வேறு ரகம் நடுங்கள்.